நடுங்கும் நண்பர்களிடம் நான் விடைபெற்ற வெள்ளிக்கிழமை

கல்யாண மண்டபத்தில் கோபித்துக்கொண்டு கிளம்புகிற சித்தப்பாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? வேட்டியை உதறி மடித்துக் கட்டிக்கொண்டு, "இனிமே இந்த வாசப்படி மிதிச்சா என் பேர மாத்தி வெச்சிக்கோங்க" என்று சத்தம் போட்டுவிட்டு நடப்பார்கள். ஆனால் மெதுவாகத்தான் நடப்பார்கள். வாசலில் செருப்பைத் தேடவே வெகு நேரம் ஆகும். அதற்குள் யாராவது ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்துவிட வேண்டும். கோபித்துக்கொண்டு போவதன் சுகம் முழுவதும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

இணையத்தில் கோபித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே தேடுவதற்குச் செருப்பும் கிடையாது. இந்த ஞானம் எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தலை நிறைய நல்லெண்ணெயோடு கிடைத்தது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. செங்கம் ரோட்டில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. அமைதி தேடி வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாவி கொடுக்க வேண்டும், வெந்நீர் வராவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும். (மௌன விரதத்தில் இருப்பவர் வெந்நீர் வரவில்லை என்பதைச் சைகையில் சொல்லிப் பார்க்க வேண்டும் நீங்கள்.) கூடப் படித்த தோழிகள் எல்லாம் கல்யாணமாகி வேலூர், சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். நாள் முழுக்கப் பேச ஆளில்லை. அந்த நேரத்தில்தான் எனக்குப் பேய்கள் கிடைத்தன.

முகநூலில் 'நடுங்கும் நண்பர்கள்' என்று ஒரு குழு. அங்கே சிலர் பேய்க்கதை எழுதுவார்கள், பலர் அதைப் படித்து நடுங்குவார்கள். நான் எழுதவும் இல்லை, நடுங்கவும் இல்லை. விமர்சனம் செய்தேன். 'கத்தரி' என்பது என் புனைபெயர். பெயருக்கேற்ப வெட்டினேன். சுடுகாட்டுக் கதை என்றால் அங்கே தண்ணீர்க் குழாய் இருந்ததா என்று கேட்பேன். ரத்தக் காட்டேரி வந்தால் அதற்கு ரத்த வகை முக்கியமில்லையா என்று கேட்பேன். ஐந்நூறு பேர் விருப்பக்குறி போடுவார்கள். விடுதியில் 'ஹலோ' என்று மட்டும் அழைக்கப்பட்ட எனக்கு அங்கே பெயர் இருந்தது, பயம் கலந்த மரியாதை இருந்தது. இன்று நினைத்தாலும் அந்தச் சாயங்காலங்கள் இனிக்கின்றன. விடுதியின் வைஃபையில், காலி அறைச் சாவிகளுக்கு நடுவே உட்கார்ந்து, முகம் தெரியாத முப்பது பேரோடு ஒரு மோகினியின் நடத்தையைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பேன்.

அந்தக் குழுவின் செல்லப்பிள்ளை 'மயான மைந்தன்'. அவர் எழுதிய தொடர் 'கிரிவலத்தில் ஒரு கொலுசு'. பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களின் பின்னாலேயே கோமளா என்ற பேய் கொலுசுச் சத்தத்தோடு நடந்து வரும். குழுவே கோமளாவின் காலடியில் கிடந்தது. கோமளா பெயரில் ரசிகர் மன்றம் வைத்தார்கள். ஒரு பெண்மணி கோமளாவுக்காக வெள்ளிக்கிழமை விளக்கே ஏற்றினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுதினேன்: 'பௌர்ணமியன்று எங்கள் ஊரில் மனிதர்களுக்கே நிற்க இடமில்லை, பேய் எங்கே நிற்கும்? ஒரு பக்கம் பீப்பி, ஒரு பக்கம் பஞ்சுமிட்டாய்க்காரன் மணி, இந்த அமளியில் கொலுசுச் சத்தம் யார் காதில் விழும்? மூன்றாம் அத்தியாயத்தில் இடது காலில் இருந்த ஒற்றைக் கொலுசு ஏழாம் அத்தியாயத்தில் வலது காலுக்கு எப்படி மாறியது? கடைசியாக ஒன்று. பேயென்றால் ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெள்ளையில்தான் வர வேண்டுமா? ஊரில் ரப்பர் பேண்டுக்கா பஞ்சம்?'

குழு கொதித்தது. 'உனக்கு வயித்தெரிச்சல்' என்றார்கள். 'பேய நேர்ல பாத்திருக்கியா நீ?' என்றார்கள். 'முடிஞ்சா நீ ஒரு கதை எழுதிக் காட்டு' என்றார்கள். (முயன்று பார்த்திருந்தேன். என் பேயைக் கண்டு எனக்கே கொட்டாவி வந்தது.) நேற்றுவரை என்னை 'அக்கா' என்று கூப்பிட்ட ஒருவன் என் பெயருக்குப் பக்கத்தில் துருப்பிடித்த கத்தரிக்கோல் படத்தைப் போட்டான். மயான மைந்தன் மட்டும் 'கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். எனக்காகப் பேச ஒருவர்கூட வரவில்லை. வெளியேறுவது என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெளியேறுகிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. 'போகாதே' என்று ஒருவராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் எண்ணெய் வழிய வழிய, 'வெளியேறுகிறேன்' என்று தலைப்பிட்டு நான்கு பத்தி எழுதினேன். இலக்கியத்தின் எதிர்காலம், நேர்மையின் விலை எல்லாம் அதில் வந்தன. கடைசிப் பத்தியைத் தழுதழுத்த குரலில் படித்துப் பார்த்தேன். அம்மா பக்கத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"யாருடி செத்தாங்க?"

"யாரும் சாவலம்மா. ஒரு குழுவுலருந்து நான் விலகறேன்."

"சம்பளத்துல கைய வெப்பாங்களா?"

"அதுக்கு சம்பளமே கிடையாதும்மா."

"அப்பறம் எதுக்கு இவ்ளோ அழுவாச்சி? ஆமா, கடைசியில இன்னா சொன்ன, போகிறேனா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, தலையில எண்ணெய வெச்சிக்கினு 'போறேன்'னு எழுதுவியாடி? 'வரேன்'னு எழுது."

ஊரார் எழுத்தையெல்லாம் கொத்துக்கறி போட்ட விமர்சகி, அம்மா சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் மாற்றினேன். எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லி வாசலைத் தாண்டியதில்லை. ஆக, 'வெளியேறுகிறேன்' என்று தொடங்கிய என் வீர உரை 'வருகிறேன்' என்று முடிந்தது. பதிவிட்டேன்.

முதல் பின்னூட்டம் உடனே வந்தது. 'எப்போ?'

அடுத்தது: 'சாப்புட்டு மெதுவா வாங்க.' அடுத்தது: 'பௌர்ணமிக்கு வந்துடுவாங்க பாருங்க.' குழு நிர்வாகி என் பதிவை எல்லார் கண்ணிலும் படும்படி உச்சியில் குத்திவைத்து, 'அக்கா வரும்வரை இங்கே இருக்கட்டும்' என்று எழுதினார். 'போகாதே' என்று ஒருவர் எழுதியிருக்க வேண்டுமே! ஊகூம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, கடைசி வரியை 'போகிறேன். இனி வரமாட்டேன்' என்று திருத்தினேன். கோபம் அடங்கவில்லை. என் முகப்புப் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்புப் பின்னணியில் ஒரு தீபத்தை வைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தீபம் என்றால் கார்த்திகை, மலை, மங்களம். ஊரில் பாதிப் பேரின் முகப்பில் அதுதான் இருக்கும். மற்ற ஊர்களில் ஒருவர் 'போகிறேன்' என்று எழுதி, அவர் படமும் தீபமாக மாறினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, எண்ணெய் ஊறட்டும் என்று ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டுச் சீயக்காய்க் கிண்ணத்தோடு குளியலறைக்குள் போனேன்.

நான் எண்ணெய் ஊறப் படுத்திருந்தபோது குழுவில் யாரோ 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு கேட்க வேண்டுமா? முகநூலில் ஒருவர் இரங்கினால் பின்னால் வருகிறவர் பதிவைப் படிக்க மாட்டார், அவரும் இரங்கிவிட்டுப் போவார். வீட்டார்தான் விளக்குப் படம் வைத்திருக்கிறார்கள் என்று முடிவாகிவிட்டது. 'துருப்பிடித்த கத்தரி' போட்டவனே 'நேர்மையான விமர்சகர், ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதினான். (அதைப் படம் பிடித்து இன்னும் வைத்திருக்கிறேன்.)

இப்போது வாசல். நான் உள்ளே இருந்ததால், இது அம்மா சொல்லியும் மற்றவர்கள் சொல்லியும் நான் சேர்த்துக்கொண்டது. ஆட்டோவில் ஒரு கணவன் மனைவி வந்து இறங்கினார்கள். அவர் நெற்றியில் விபூதி, கையில் பெரிய ரோஜா மாலை. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர், பெயர் தனசேகர். உலகம் அறிந்த பெயர் மயான மைந்தன். அவரும் எங்கள் ஊர்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் வேலை செய்யும் விடுதி எது என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் வெந்நீர்க் கதைகளைக் குழுவில் அளந்துகொண்டே இருப்பேன். அங்கே போய்க் கேட்டிருக்கிறார். காவலாளி, "அவங்க இன்னிக்கு இல்லீங்க" என்று சொல்லி வீட்டு வழியைக் காட்டியிருக்கிறார். அந்த 'இல்லீங்க' போதாதா?

எங்கள் ஊரில் விபூதிக்காரர் ஒருவர் மாலையோடு வீட்டுக்கு வந்தால் அது கோயில் மாலைதான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கோயில்லருந்தா? வாங்க தம்பி, வாங்கம்மா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "எப்பங்கம்மா எடுக்கறீங்க?"

மாலையை எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்பதாக அம்மா நினைத்தாள். "உள்ள குளியல் நடக்குது தம்பி. முடிஞ்சதும்தான். உக்காருங்க, காப்பி குடிக்கலாம்."

சாவு வீட்டில் காப்பியா என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்தார். பக்தி ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அம்மா காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.

விசும்பல் சத்தம் கேட்டுத்தான் நான் வெளியே வந்தேன். வெள்ளை நைட்டி. இடுப்புவரை விரித்துப் போட்ட ஈரத் தலை. அவசரத்தில் கழுவாமல் விட்ட கடலை மாவு முகமெல்லாம் காய்ந்து வெளிறிக் கிடந்தது. கொலுசு வேறு.

தனசேகர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, "கோமளா!" என்று அலறினார்.

பேய்க்கதை எழுதுகிற ஒருவர் தன் பேயையே நேரில் பார்த்துவிட்டது போல அலறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். என்னிடம் ஒரே ஒரு ரப்பர் பேண்டாவது இருந்திருக்கலாம்.

சுமதி மட்டும் பயப்படவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். பிடித்ததும் கத்தினார். "ஏங்க, கை சூடா இருக்குங்க! உயிரோட இருக்காங்க!"

பிறகு அந்தக் கையை விடாமல், என்னைத் தள்ளி இழுத்துக்கொண்டு போய் அம்மா காதில் விழாதபடி அழுதார். "என்ன மன்னிச்சிடுங்க. நீங்க எழுதினதப் படிச்சிட்டு, 'இவ கை வெளங்காமப் போவ'ன்னு சாமி விளக்கு முன்னாடி சாபம் விட்டேன். காத்தால குழுவுல பாத்தா இரங்கல்னு இருக்கு. சாபம் பலிச்சிடிச்சோன்னு எனக்கு உசுரே இல்ல."

கோமளாவுக்கு விளக்கேற்றிய பெண்மணி யார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

தனசேகர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். "போவாதீங்க" என்றார். "மத்தவங்க எல்லாம் 'சூப்பர்'னு போடறாங்க. நீங்க ஒருத்தர்தான் எந்தக் கால்ல கொலுசுன்னு பாத்தீங்க. முழுசா படிச்சது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் போயிட்டா நான் யாருக்குன்னு எழுதறது?"

மூன்று நாளாக நான் காத்திருந்த வார்த்தை அது. ஐந்நூறு பேரிடம் கேட்டுக் கிடைக்காமல், நான் யாரை வெட்டினேனோ அவரிடமிருந்து, எனக்கென்று வாங்கிய சாவு மாலையோடு வீடு தேடி வந்தது. என் கை இன்னும் சுமதியின் பிடியில் இருந்தது. கல்யாண மண்டபத்துச் சித்தப்பாக்கள் எதற்காக அவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. கடலை மாவு கரைய நானும் அழுதேன்.

அம்மா காப்பியோடு வந்தாள். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டாள். மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கல்யாணம் ஆவாத பொண்ணு இருக்கற வூட்டத் தேடி அண்ணாமலையார் மாலை வந்திருக்கு" என்று என் கழுத்தில் போட்டுவிட்டாள். தனசேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுமதி அவர் காலை மிதித்தார்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அன்று என் கையைப் பிடித்தவர் சுமதி என்பதால், அதிலிருந்து அவருடைய கைராசி எங்கள் தெருவில் பிரசித்தம். வரன் அமையாத பெண்களின் தாய்மார்களை எல்லாம் அம்மா இன்றுவரை அவரிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பாவம், அவரும் கோயிலில் நிஜமாகவே மாலை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். "உங்கம்மா இன்னொருத்தர அனுப்பியிருக்காங்க, நீங்க பண்ண வேலையப் பாத்தீங்களா" என்று எனக்குப் போன் வரும். அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை. என் கணவருக்குத் தெரியும். கல்யாண நாளன்று, "உங்க அம்மா சாவு மாலையில கூடி வந்த கல்யாணம் இது" என்று மகளிடம் தவறாமல் சொல்லிவிடுவார்.

அடுத்த வாரமே நான் குழுவுக்குத் திரும்பினேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புதிய அத்தியாயத்தில் கோமளா தலையைப் பின்னி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தாள். பயமாகவே இல்லை என்று எழுதினேன். தனசேகருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அந்தக் குழுவில் நடுங்க ஆளில்லை. வீட்டுமனை விளம்பரமும் முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரமும்தான் வருகின்றன. எப்போதாவது ஏக்கத்தில் உள்ளே போய்ப் பார்ப்பேன். உச்சியில் என் பிரியாவிடை இன்னும் குத்திவைத்தபடியே இருக்கிறது, கீழே இருநூறு இரங்கல்களோடு. அந்த முப்பது பேரும் இப்போது எந்தெந்த ஊரில் என்ன செய்கிறார்களோ. எல்லாரையும் ஒருமுறை பெயர் சொல்லித் திட்ட வேண்டும் போல இருக்கும்.

போன வாரம் வீட்டில் ஏதோ சண்டை. ஆளாளுக்குப் பேசினார்கள். "இந்த வூட்ல எனக்கு மரியாதையே இல்ல, நான் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, 'வரேன்'னு சொல்லும்மா. இல்லன்னா சுமதி ஆன்ட்டி மாலையோட கிளம்பி வந்துடுவாங்க."