காக்கா வரலைங்க டாக்டர்

தினமும் மீட்டரைப் பார்த்து வேலை செய்கிறவனுக்கு, உலகத்தில் உள்ள எல்லாமே மீட்டருக்குள் அடங்கிவிடும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சூளைக்கு நான்தான் பொறுப்பு. கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் சாமான்களை வேக வைக்கிற சூளை. ஆயிரம் டிகிரிக்கு மேல் போகிற நெருப்பை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைக்கிற ஆள் நான் (என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை). அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாயின் சர்க்கரை எந்த மூலைக்கு?

நாயின் பெயர் சாசர். அப்பா வைத்த பெயர். அவரும் எஸ்டேட்டில்தான் பேக்கிங்கில் இருந்தார். ரிட்டயர் ஆகிற சமயத்தில், பீங்கான் உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் திணிக்கிற வைக்கோல் குவியலில் ஒரு குட்டி கிடந்ததென்று துண்டில் சுற்றி எடுத்துவந்தார். விளிம்பு உடைந்த சாசர் ஒன்றில் பால் ஊற்றினார். அது பாலைக் குடித்துவிட்டு சாசரையும் கடித்துப் பார்த்தது. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. அம்மா இனிப்பைக் கண்ணில் காட்ட மாட்டாள். அப்பா சாயங்காலம் சாசரை வாக்கிங் கூட்டிக்கொண்டு ஜங்ஷன் ரோடு வரை போய்வருவார். 'நாய்க்காகவாவது மனுஷன் நடக்கிறாரே' என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவர் காலமான பிறகு கட்டிலை நகர்த்தினால், அடியில் ஜாங்கிரி கவர்கள். பாதி தனக்கு, பாதி சாசருக்கு. காட்டிக்கொடுக்காமல் இருக்க லஞ்சம் என்று என் மனைவி பரிமளா சொன்னாள்.

அடுத்த சில மாதங்களில் சாசர் இளைத்தது. பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள்ளேயே ஈரம் பண்ணியது. கால்நடை டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க நாய்க்கு சுகருங்க" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். "அவரு வியாதியத்தான் இதுகிட்ட வுட்டுட்டுப் போயிருக்காரு" என்றாள். அப்பா போன பிறகு அம்மா மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் சாசர்தான்.

டாக்டரம்மா எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இன்சுலினை பிரிட்ஜில் வைக்க வேண்டும். குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி. காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"முதல்ல சாப்பாடு. நல்லா சாப்புட்டுதான்னு பார்த்துட்டு அப்புறந்தான் ஊசி. மாத்திடாதீங்க. வீட்டுல ஒரு பாட்டில் தேனும் வச்சிக்குங்க, சுகர் ரொம்ப இறங்கிட்டா உடனே தேவைப்படும்."

"இறங்க வுட்டாத்தானே டாக்டர்" என்றேன் நான். (இந்த ஒரு வாக்கியத்தை அந்த அம்மா இன்றுவரை எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

தேன் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக வீட்டில் சர்க்கரையையே ஒழித்தேன். யாராவது பாவம் பார்த்து சாசருக்கு இனிப்பு போட்டுவிட்டால்? சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணி வெந்தயம் கொட்டினேன். வெல்லம், கல்கண்டு, பிஸ்கட் எல்லாம் போயின. எல்லோருக்கும் கசப்பு டீ. "சுகரு நாய்க்கு, பத்தியம் எங்களுக்கு" என்றாள் பரிமளா. நான் மீட்டரைக் காட்டினேன். சாசரின் கணக்கு சூளை மாதிரி ஒரே சீராக நின்றது. கம்பெனியில் டீ நேரத்தில் அதைப் பற்றியே பேசிப் பேசி, என்னைக் கண்டால் ஆட்கள் டீயை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போகிற நிலைமை வந்தது.

இந்த நேரத்தில்தான் அப்பாவின் முதல் வருஷத் தெவசம் வந்தது.

திட்டக்குடியிலிருந்து அத்தை வரவேண்டும். அப்பாவின் அக்கா. சாங்கியத்தில் ஒரு நூல் இழை பிசகினாலும் விடமாட்டார். முந்தின நாளே போனில் உத்தரவு வந்துவிட்டது.

"தம்பி, நல்லாக் கேட்டுக்க. படையல் போட்டு, காக்கா வந்து எடுத்தப்புறந்தான் வூட்ல யாரு வாயிலயும் சோறு படணும். கவுச்சி அடுப்புல ஏறக்கூடாது. குளிச்சி வேட்டி கட்டினப்புறம் அந்த நாயத் தொட்டுறாத. ஆமா."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. சாசரின் காலைச் சாப்பாடு கோழியும் சோறும். அது அன்றைக்கு அடுப்பில் ஏறாது. குளித்த பிறகு நாயைத் தொடக் கூடாதென்றால் நான் வேறு யார் கையிலும் விடாத அந்த ஊசியைக் குளிப்பதற்கு முன்பே போட்டாக வேண்டும். படையல் சீக்கிரம் முடிந்துவிடும், எல்லோரோடும் சேர்ந்து சாசருக்கும் தயிர்ச்சோறு வைத்துவிடலாம். ஊசி முதலில், சோறு பின்னால். நடுவில் கொஞ்ச நேரம்தானே?

"சாப்புடாம ஊசி போடலாமாங்க?" என்றாள் பரிமளா.

"சூளையில பர்னரப் பத்த வச்சிட்டு அப்புறம் சரக்கு ஏத்துறதில்லையா? அந்த மாதிரிதான்."

(எந்த ஊர்ச் சூளையிலும் அப்படிச் செய்வதில்லை. முதலில் சரக்கு, அப்புறம்தான் நெருப்பு. அவள் சூளை பார்த்ததில்லை என்ற தைரியத்தில் அடித்துவிட்டேன்.)

ஊசி போட்டேன், குளித்தேன். அத்தையின் பஸ் வரவில்லை. போன் பண்ணினால், "பெண்ணாடத்துல நிக்குது, டயரு மாத்துறான்" என்றார். ஒருவழியாக வந்து சேர்ந்ததும் படையலை ஒரு சுற்று பார்வையிட்டார். இலையில் வடை, பொரியல், அப்பளம். பரிமளா பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு கட்டி வெல்லத்தில் அப்பாவுக்கு மட்டுமென்று வைத்த பாயசம், அவர் டீ குடிக்கிற பீங்கான் கப்பில். அத்தை தலையாட்டினார். கற்பூரம் காட்டினோம். காக்கைக்கு ஒரு இலைத்துண்டில் சோறு எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம்.

"கா… கா… கா…" என்றேன்.

பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி மேல் மூன்று காக்கைகள் இருந்தன. என்னைப் பார்த்தன. அப்புறம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்றுகூட இறங்கவில்லை. நான் குரலை மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். கீழே தெருவில் சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

"என் தம்பிக்கு ஏதோ கொற இருக்குது. என்னாத்த வைக்காம வுட்டீங்க?" என்றார் அத்தை.

விசாரணை நடந்தது. அப்பாவுக்கு வாழைக்காய் பஜ்ஜி உயிர் என்பது அத்தைக்கு நினைவுக்கு வந்தது. பரிமளா கீழே ஓடி மாவு கரைத்தாள். பஜ்ஜி மேலே வந்தது. காக்கைகள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன, அவ்வளவுதான். நானும் கத்திக்கொண்டே இருந்தேன். அப்போது கீழேயிருந்து பரிமளாவின் சத்தம் வந்தது.

"ஏங்க! சாசர் ஒரு மாதிரியா இருக்குதுங்க! ஓடியாங்க!"

இறங்கி ஓடினேன். சாசர் கூடத்தில் கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. தரை வழுக்குகிற மாதிரி நாலு காலும் நாலு பக்கம் போயின. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்னைத் தாண்டி எதையோ பார்த்தது. அப்புறம் சுவரில் மோதிக்கொண்டு உட்கார்ந்தது, உடம்பெல்லாம் நடுங்கச் சாய்ந்துவிட்டது. மீட்டரே தேவைப்படவில்லை. என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் தெவசத்தன்று அப்பாவின் நாயை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். டாக்டரம்மாவுக்குப் பரிமளாதான் போன் போட்டுக் கொடுத்தாள்.

"ஊசி போட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"போட்டாச்சு டாக்டர்."

"சாப்புட்டுச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"ஏன்?"

"காக்கா வரலைங்க டாக்டர்."



"சார், உங்க நாய் சாப்புடறதுக்கும் காக்காய்க்கும் என்ன சம்பந்தம்? சரி, அத அப்புறம் பேசிக்கலாம். தேன எடுத்து ஈறுல தடவுங்க, உடனே."

"தேன் இல்லைங்க."

"சர்க்கரை?"

சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். வெந்தயம். பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அதிலும் வெந்தயம். வெல்ல டப்பாவில் மீட்டருக்கான ஊசிகள். என் சொந்த வீட்டில், என் சொந்தச் சாமர்த்தியத்தால், ஒரு துளி இனிப்பு இல்லை. பரிமளா வாசலுக்கு ஓடினாள், பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அவள் அடுத்த வீட்டுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்போது அம்மா எழுந்தாள். காலையிலிருந்து அப்பா போட்டோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். நேரே படையலுக்குப் போய்ப் பாயசக் கப்பைக் கையில் எடுத்தாள்.

"ஏய், இன்னும் காக்கா எடுக்கல!" என்றார் அத்தை, மாடிப்படியிலிருந்து.

"அண்ணி, உசுரோட இருந்தப்ப ஒரு வாய் இனிப்பு அவர நான் திங்க வுட்டதில்ல. திருட்டுத்தனமாத் தின்னப்பகூட இதுக்குப் பாதி குடுத்துட்டுத்தான் அவரு தின்னாரு. இது செத்துப்போனா அந்த மனுஷன் இந்த இலையில கைய வைப்பாரா?"

நான் போனைப் பிடித்தபடி நின்றேன். போனுக்குள்ளிருந்து டாக்டரம்மா கேட்டார், "பாயசமா? தண்ணிப் பாகத்தை மட்டும் ஈறுல தடவுங்க. திராட்சை போட்டிருந்தா பொறுக்கிடுங்க, நாய்க்கு ஆகாது!"

அத்தை வெடிக்கப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இறங்கி வந்தார், சாசரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா சொல்றது காதுல வுழுவுதா? திராட்சைய எடுத்துட்டுக் குடுடி" என்றார் அம்மாவிடம்.

அம்மா விரலால் தொட்டுத் தொட்டு ஈறில் தடவினாள். எனக்கு அந்த நேரம் ரொம்ப நீளமாக இருந்தது. பிறகு நாக்கு கொஞ்சம் அசைந்தது. அம்மாவின் விரலை நக்கியது. அப்புறம் கண் திரும்பி, பாயசக் கப் எங்கே இருக்கிறதென்று சரியாகத் தேடியது. பரிமளா யார் வீட்டிலிருந்தோ சர்க்கரைப் பொட்டலத்தோடு மூச்சிரைக்க வந்து நின்றபோது, சாசர் எழுந்து உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை, அதில் தப்பும் இல்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாசர் அத்தையின் மடியில் வந்தது. குளித்துவிட்டு நாயைத் தொடக் கூடாதென்று சொன்னவர் இவர்தான். நெற்றி நிறைய விபூதியும் வேட்டியுமாக நின்ற என்னைப் பார்த்து, "வாங்க, காக்கா வந்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா. குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் வரை வைத்திருந்துதான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முதலில் மாடிக்குப் போனார். காக்கை இலையில் ஒரு பருக்கை இல்லை. பஜ்ஜியும் இல்லை.

"கீழ அதுக்குக் குடுத்துட்டுத்தான் மேல போயிருக்கான் என் தம்பி" என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டுப் படையலில் சாசருக்குத்தான் முதல் இலை. திட்டக்குடியில் பஸ் ஏறும்போதே அத்தை போன் பண்ணி, "எனக்காகக் காத்திருக்காதீங்க, அதுக்கு மொதல்ல போட்டுருங்க" என்பார். சாசருக்கு இப்போது கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. இலை விரிக்கிற சத்தத்துக்கு மட்டும் சரியாக வந்துவிடும். அலமாரியில் எப்போதும் இரண்டு பாட்டில் தேன் இருக்கிறது.

போன வருஷம் எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. இத்தனை வருஷம் கசப்பு டீ குடித்தும் வந்துவிட்டது. மீட்டர் பார்க்கிற பொறுப்பை என்னிடம் யாரும் கொடுக்கவில்லை. காலையில் பிரிட்ஜைத் திறந்து இரண்டு பேர் ஊசியையும் பரிமளாதான் எடுக்கிறாள். முதலில் சாசரின் தட்டைப் பார்ப்பாள், காலியாக இருக்கும். பிறகு என் பக்கம் திரும்பி, கம்பெனி ஆள் யாராவது வாசலில் நிற்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல், சத்தமாகக் கேட்பாள்.

"ஏங்க, உங்களுக்குக் காக்கா வந்துச்சா?"