வாளியில் கரைத்த வெல்லம்

திருவள்ளூர்
மே, 1974

ஸ்ரீமான் யதிராஜன் அத்திம்பேருக்கு, எம்பார் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. பெருமாள் கிருபையால் இவ்விடம் நானும், என் சம்சாரம் மரகதவல்லியும், மகள் பூமாவும், குளத்து மீன்களும் சௌக்கியம். அவ்விடத்து சௌக்கியத்தை, அக்கா சம்மதித்தால், தெரிவிக்கவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பூமாவின் படிப்பை நிறுத்தினால்தான் தம்பி வீட்டு வாசலை மிதிப்பேன் என்று அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை நானும் சொல்லிவிடுகிறேன். பூமா படிப்பது இரண்டே ஓட்டுக் கட்டடம் உள்ள கல்லூரிதான். ஆனாலும் மண், நீர், காடு இவற்றைக் காப்பாற்ற அங்கே பாடம் சொல்லித் தருகிறார்கள், நம் வம்சத்தில் யாரும் படிக்காத படிப்பு. லீவுக்கு வந்தவள் அமாவாசையன்று கோயில் குளத்துப் படியில் வாளியோடு நின்றுவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா, கழுத்து மரு உதிர வேண்டுமென்ற பிரார்த்தனைக்காகக் குளத்தில் வெல்லம் கரைக்கப் போனபோது, "அத்தை, வெல்லம் சேரச் சேரத் தண்ணில பிராணவாயு கொறஞ்சு மீனெல்லாம் செத்துப்போறது. இதுவும் குளத்துத் தண்ணிதான், இதுல கரைங்கோ" என்றாள். "வாளில கரைச்சா மரு உதிரும்னு உங்க வாத்தியார் எழுதிக் குடுத்திருக்காரா?" என்று அக்கா கேட்டாள். அதற்குள் பின்னால் நின்ற ஊத்துக்கோட்டை கங்கம்மா, "நவுரும்மா, வாளின்னா படியில காலு வயுக்காது" என்று தன் வெல்லத்தைப் போட, கூட்டமே வாளிக்கு வரிசை கட்டிவிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது அத்திம்பேர், என் பொண்ணு சொல்லி நாலு பேர் கேக்கறான்னா சும்மாவா? அந்தத் தண்ணீரை எங்கள் தென்னைக்கு ஊற்றியதும், எறும்பு படையெடுத்து அக்காவின் பெட்டிக்குள் புகுந்து பட்டுப்புடவையில் குடியேறியதும் வாஸ்தவம். எறும்பை நசுக்கக் கூடாது, தானே போய்விடும் என்று அப்போது பூமா பாடம் எடுத்திருக்க வேண்டாம்.

எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவள் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இருந்தாலும் படிப்பை நிறுத்த மாட்டேன். அக்கா வராவிட்டால் வர வேண்டாம், இதுவே என் முடிவு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். அக்காவுக்கு நமஸ்காரம், ஏற்றுக்கொண்டால்.

எம்பார்

பி.கு.: இதைப் பூமாவிடம் படித்துக் காட்டினேன். "அத்தைய வர வேண்டாம்னா எழுதினேள்?" என்று அழுதுவிட்டு, தானே அழைத்து வருவதாக முதல் பஸ்ஸில் பொன்னேரிக்கு, உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறாள் என்று பூரித்துப்போனேன். உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க இரண்டு பாட்டிலும் எடுத்துப் போயிருக்கிறாளாம், மரகதவல்லி இப்போதுதான் சொல்கிறாள். அக்காவைக் கொஞ்சம் கிணற்றடிப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளவும். இக்கடிதத்தைப் படிக்காமல் கிழித்துவிடவும்.