மைத்துனர் லாரியின் ஐந்து நட்டுகள்

சேசு மரி துணை

புதுச்சேரி,
1936 பெப்ருவரி 11, செவ்வாய்.

கடலூரில் வாசம் பண்ணும் மகா கனம் பொருந்திய மைத்துனர் பிரகாசம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை அகஸ்டினாவின் புருஷனும், பிரெஞ்சு சுங்க ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குபவனுமாகிய சூசை தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே தங்கள் லாரியைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

எங்கள் மகள் சகாயசெல்வியின் கல்யாண வேலைக்கென்று தாங்கள் பெரிய மனசு பண்ணி லாரியை அனுப்பினீர்கள். டிரைவர் சின்னக்கண்ணு இரண்டு நாள் மாமியார் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று போனான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முன்பக்க இரும்புச் சக்கரம் ஒன்று கடல் காற்றில் துருப்பிடித்திருந்தது கண்ணில் பட்டு, சம்பந்தி வீட்டார் ஏறப்போகிற வண்டியாயிற்றே என்று அதைக் கழற்றி, பச்சைப் பெயிண்ட் அடித்து வெயிலில் காயவைத்தேன். கழற்றிய ஐந்து நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிப் பத்திரமாக வைத்தேன். எதையும் அதற்குரிய இடத்தில் வைக்கும் என் ஆபீஸ் பழக்கம் தாங்கள் அறிந்ததே. மறுநாள் பார்த்தால் நட்டுகள் இல்லை. அரிசிப் பானை, கோழிக்கூடு, அகஸ்டினாவின் ஜெபப் புத்தகப் பை வரை தேடினேன். அடுத்த வீட்டு ரஞ்சிதத்தின் பிள்ளைகளைக்கூட மனசுக்குள் சந்தேகப்பட்டேன், அந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும்.

சரி, நட்டுதானே என்று சக்கரத்து போல்ட்டை என் பித்தளை அளவுகோலால் அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டரும் சொச்சமும் வந்தது. சுங்க ஆபீசில் சொச்சத்தை எழுதமாட்டோம், மேலே ஏற்றிவிடுவோம். ஆகவே பதின்மூன்று என்று சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பதின்மூன்று கிடையாது, பதினாலு இருக்கிறது என்றார். கொஞ்சம் தாராளமாக இருந்தால் நல்லதுதானே என்று வாங்கிவந்தேன். என்ன சொல்ல, கையாலேயே சுற்றிச் சுற்றி ஏறிவிட்டன. முப்பத்தொரு வருஷத்தில் எந்த வேலையும் எனக்கு அவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை. நட்டுகளின் ஒரு முனை கூம்பாக இருந்தது, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அந்த முனையை வெளியே தெரியும்படி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னக்கண்ணு திரும்பி வந்து அவசரமாக வண்டியை எடுக்க, தவளக்குப்பம் போய் மாப்பிள்ளையின் தகப்பனார் தேவதாஸ் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தோம். அரியாங்குப்பத்துப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பச்சைச் சக்கரம் எங்களுக்கு முன்னே உருண்டு போயிற்று. சம்பந்தி, “ஏங்க, அது நம்மளுதா?” என்றார். “சேச்சே, எவனோ கவனமில்லாம ஓட்றான் பாருங்க” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, லாரி என் பக்கமாக உட்கார்ந்துவிட்டது. மெதுவாக வந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. சம்பந்தியம்மாளின் மடியிலிருந்த பலகாரக் கூடை மட்டும் என் தலையில் கவிழ்ந்தது.

சின்னக்கண்ணு குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “முசியே, இது இங்கிலீசு அங்குல வண்டி. இதுக்குப் போயி மில்லிமீட்டர் நட்டு போட்டுருக்கீங்களே. கூம்பு உள்ள போயி சக்கரத்துக் குழியில உக்காரணும், அப்பதான் புடிக்கும். நீங்க அத வெளிய நீட்டி வச்சிருக்கீங்க” என்றான். சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். “ஒரு சக்கரத்த மாட்டத் தெரியாதவரு சொல்ற பேச்ச நம்பி எப்புடிங்க பொண்ணு எடுக்கறது? வர்ற ஞாயித்துக்குள்ள இந்த லாரி நாலு சக்கரத்தோட எங்க வாசல்ல வந்து நிக்கட்டும். அப்பறம் பேசுவம்” என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு நடந்தே திரும்பிப் போய்விட்டார். இருபத்தாறாம் தேதி தபசுகாலம் பிறக்கிறது. அதன்பிறகு கோவிலில் கல்யாணம் கிடையாது. சகாயசெல்வி கல்யாணப் புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தங்கள் தங்கையும் என்னோடு பேசுவதில்லை, சோற்றுத் தட்டை மட்டும் சத்தமாக வைக்கிறாள்.

ஆகவே, அதே வண்டிக்குரிய அங்குல நட்டு, கூம்பு முனை உள்ளது ஐந்து, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்பிவைக்க மன்றாடுகிறேன். இனி அந்த லாரியைத் தொடமாட்டேன் என்று மாதா மேல் ஆணை. தங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு, சின்னவனுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த
சூசை.

பின்குறிப்பு: இதை உறையிலிட, ஆபீசில் எனக்குப் பென்ஷன் ஆன அன்று கொடுத்த, பிரெஞ்சு எழுத்துவரிசைப்படி அறைகள் பிரித்த பெட்டியைத் திறந்தேன். உறைக்குப் பிரெஞ்சில் ஆன்வெலோப், நட்டுக்கு எக்ரூ. எழுதும்போது இரண்டுக்கும் முதலெழுத்து ‘E’தான், ஆகவே அறையும் ஒன்றே. உறைகளுக்கு அடியில் ஒரு பொட்டலம். மேலே என் கையெழுத்தில் தேதியும், ‘லாரி நட்டு, எண்ணிக்கை ஐந்து, சரிபார்க்கப்பட்டது’ என்றும் இருக்கிறது. எனவே நட்டு அனுப்பவேண்டாம், தாங்கள் மட்டும் உடனே புறப்பட்டு வரவும். அகஸ்டினா பொட்டலத்தைப் பிடுங்கி, சகாயசெல்வியின் நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அண்ணன் கையில்தான் கொடுப்பாளாம். மூன்று நாளில் அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.