ஏலக்காய் டொட் கொம்மும் மெல்லமா மாஸ்டரும்

பயப்படுவதற்கென்று ஒரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்திருந்தால், எங்கள் மெல்லமா மாஸ்டர் கலாநிதியாகி இருப்பார். பிறகு அந்தப் பட்டத்தை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியும் இருப்பார். அந்த யுத்த வருடங்களில் கண்டியில் இருந்த தமிழர்கள் எல்லாருக்கும் பயம் இருந்தது. மாஸ்டருக்கு மட்டும் அது முழுநேர உத்தியோகம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு பேக்கரியின் மேல்மாடியில், அக்குறணை ஹாஜியார் ஒருவரின் ஏற்றுமதி ஒஃபிஸ் இருந்தது. மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலக்காய் எல்லாம் அங்கிருந்து லண்டன் கடைகளுக்குப் போகும். நான் வத்தேகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். சண்டையில் வீடு போனபிறகு கொழும்புக்கு வந்து கொம்பியூட்டர் படித்து, எப்படியோ எங்கள் ஹாஜியாரிடம் வந்து சேர்ந்திருந்தார். தனி ஆள். வெயிலோ மழையோ, சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருக்கும்.

யார் வாயைத் திறந்தாலும் "மெல்லமா, மெல்லமாக் கதையுங்கோ" என்பார். அதுவே பெயராகிவிட்டது. "மாஸ்டர், டீ குடிச்சிட்டீங்களா?" என்று நான் கேட்டாலும் அதே பதில்தான்.

"டீ குடிக்கிறதுல என்ன ரகசியம் மாஸ்டர்?"

"ரகசியம் இல்லை பிள்ளை. தமிழிலை கேட்டனீர்."

அந்தக் காலத்தில் இன்டர்நெட் டெலிபோன் வயர் வழியாகத்தான் வரும். இணைப்புக் கிடைப்பதற்கு முன்னால் மோடம் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தும். மாஸ்டருக்கு அந்தச் சத்தம்தான் எமன். கீழே பேக்கரியில் நிற்பவர்கள், மேலே யாரோ வோக்கி டோக்கியில் செய்தி அனுப்புகிறான் என்று நினைத்துவிடுவார்களாம். அதனால் கதிரையில் கிடந்த மெத்தையை எடுத்து மோடத்தின் மேல் போட்டு, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, சத்தம் நிற்கும் வரை பலமாக இருமுவார். பேக்கரி முதலாளி ஒரு நாள் என்னைப் பிடித்து, மேலே இருப்பவருக்குச் சயரோகமா என்று சிங்களத்தில் விசாரித்தார். இனித் தன் பாணை யாரும் வாங்க மாட்டார்கள் என்ற கவலை அவருக்கு.

ஒரு தடவை பழுதான மவுஸ் ஒன்றை மாற்றக் கண்டி டவுனுக்கு எடுத்துப் போனார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டான். பயத்தில் மாஸ்டருக்கு இங்கிலீஷ் வரவில்லை. சிங்களத்தில் மொழிபெயர்த்து, "மீயா, சேர்" என்றிருக்கிறார். எலி என்று அர்த்தம். ஆமிக்காரன் பின்னால் நகர்ந்து துப்பாக்கியால் பையைக் காட்டி, திற என்றான். உள்ளிருந்து வாலோடு ஒரு பிளாஸ்டிக் எலி வந்தது. ஆமிக்காரர்கள் எல்லாரும் கூடி நின்று சிரித்து, அவரைத் தோளில் தட்டி அனுப்பினார்கள். நாங்களும் கேட்டுச் சிரித்தோம். மாஸ்டர் மட்டும் அன்று சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கவே இல்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஹாஜியார் ஒரு நாள் வந்து, "மாஸ்டர், நமக்கு ஒரு வெப்சைட் வேணும். லண்டன்ல கேக்குறாங்க" என்றார்.

வெப்சைட் என்றால் முதலில் அதற்கு ஒரு பெயர் பதிய வேண்டும். அதுதான் டொமைன். இன்டர்நெட்டில் கடைக்கு மாட்டும் பெயர்ப்பலகை மாதிரி. உலகத்தில் ஒருவர் எடுத்த பெயரை இன்னொருவர் எடுக்க முடியாது. ஹாஜியாரின் கடைப் பெயரை யாரோ எடுத்திருந்தார்கள். மிளகும் போயிருந்தது. கராம்பும் போயிருந்தது.

"ஏலக்காய்னு போடுங்க" என்றார் ஹாஜியார்.

மாஸ்டர் இங்கிலீஷில் அடித்துப் பார்த்தார். அதையும் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ஏ-ன்னு இழுத்துத்தானே செல்றோம். முன்னால இன்னொரு ஈ போட்டுப் பாருங்க."

போட்டார். கிடைத்தது. ஆனால் மாஸ்டர் திரையைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டார்.

"ஹாஜியார், முதல் நாலு எழுத்தையும் வாசியுங்கோ."

ஹாஜியார் விரலை வைத்து வாசித்தார். "ஈ, ஈ, எல், ஏ. அதுக்கென்ன?"

"ஈழம் எண்டும் இப்பிடித்தான் தொடங்கிறது."

"இது ஈழமில்ல மாஸ்டர், ஏலம். டீக்குப் போடுற சாமான்."

"உங்களுக்கும் எனக்கும் தெரியும். செக்பொயின்ரிலை நிக்கிறவனுக்குத் தெரியுமோ? சிங்களத்திலை எனசால் எண்டு போடுவம். ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம்."

"லண்டன்ல கடை வச்சீக்கிறது முழுக்க நம்மட தமிழாக்கள். எனசால்னா அவங்க என்னத்தக் கண்டாங்க? ஏலக்காய்தான். பதியுங்க."

ஹாஜியார் தன் கிரெடிட் காட்டை எடுத்து மேசையில் வைத்தார். அமெரிக்கக் கம்பெனி திரையில் கேள்வி கேட்கத் தொடங்கியது. கம்பெனியின் பெயர் கேட்டது, கொடுத்தோம். அடுத்து, பொறுப்பாக ஒரு ஆளின் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் கேட்டது. டொமைன் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அந்த ஆளைத்தான் கேட்பார்கள். கீழே சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. மாஸ்டர் அதை எங்களுக்கு மெதுவாக வாசித்துக் காட்டினார். இந்த விபரங்களை உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

"ஆர் வேணுமெண்டாலும்" என்று திரும்பவும் சொன்னார். வாடகைக்கு இருக்கும் தமிழர்கள் பொலிஸில் பெயர் பதிய வேண்டியிருந்த காலம் அது. "பொலிசிலை பதிஞ்சது ஒரு கொப்பியிலை கிடக்கும். இது வானத்திலை எழுதின மாதிரி."

"தங்கச்சிட பேரப் போடுங்க. அவதானே ஈமெயில் பாக்குறா" என்றார் ஹாஜியார் என்னைக் காட்டி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோட்டத்துப் பிள்ளையின் பெயர் அமெரிக்காவில் பதியப் போகிறது. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்லி விளங்கப்படுத்தலாம் என்று யோசிக்கவும் தொடங்கிவிட்டேன். மாஸ்டர் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிறகு குனிந்து டைப் அடித்தார். எட்டிப் பார்த்தேன். அவருடைய முழுப்பெயர், கட்டுகஸ்தோட்டை விலாசம்.

"என் பேர ஏன் போடல மாஸ்டர்?"

"உம்மடை பேர் நீளம் பிள்ளை. பெட்டிக்குள்ளை அடங்காது."

என் பெயர் அவருடையதில் பாதிகூட இல்லை. எனக்குக் கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு மாஸ்டரின் பயம் புது உயரத்துக்குப் போனது. காலையில் வந்ததும் மோடத்தை மெத்தையால் அமுக்கி, இருமி, தன் பெயர் வெளியில் எப்படித் தெரிகிறது என்று தேடிப் பார்ப்பார். தேடியவர்களின் கணக்கை அமெரிக்காக்காரன் எடுப்பானோ என்று பிறகு சந்தேகம் வரும். "ஒருத்தன் தன்ரை பேரைத் தானே தேடினால் அவன்மேலை சந்தேகம் வராதோ?" என்று என்னிடம் கேட்பார். பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றி, மாற்றியதை மறந்து, அமெரிக்காவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுவார்.

ஹாஜியாருக்கோ பெருமை. ஏற்றுமதிப் பெட்டி எல்லாவற்றிலும் டொமைன் பெயரைப் பெரிதாக அச்சடித்தார். பெட்டிகள் லொறியில் கொழும்புக்குப் போயின. வழியில் எந்தச் சாவடியில் யார் வாசித்தார்களோ தெரியாது. ஒரு நாள் முற்பகல், பேக்கரி வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

சிவில் உடுப்பில் இரண்டு பேர் மேலே வந்தார்கள். ஒருவர் கையில் அச்சடித்த கடதாசி. அதில் மாஸ்டரின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. என் மேசையில் அதை வைத்து, "மே கவுத?" என்றார். யார் இது என்று கேட்கிறார். மாஸ்டர் பின்னறையில் இருந்தார். அங்கிருந்து ஆற்றுப் பக்கமாக இறங்கப் படி இருக்கிறது. அவர் அதால் போய்விட வேண்டும் என்று கும்பிட்டேன். இத்தனை பயந்த மனிதர் போகாமலா இருப்பார் என்றும் நினைத்தேன்.

கதவு திறந்தது. மாஸ்டர் கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு வெளியே வந்தார். "மம" என்றார். நான்தான் என்று அர்த்தம். அவர்களுக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லும்படி அதட்டினார்கள். மாஸ்டர் சத்தமாகச் சொன்னார். அவருடைய முழுக் குரலை நான் கேட்டது அன்றுதான். நல்ல கனமான வாத்தியார் குரல்.

ஜீப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. என் பெயர் நீளமாக இருந்ததால் அல்ல அவர் அன்று தன் பெயரை அடித்தது.

ஹாஜியாருக்கு அக்குறணைக்கு டெலிபோன் அடித்தேன். ஒரு சின்னச் சாக்கோடு வந்து சேர்ந்தார். "உள்ளுக்குப் போனவங்க எத்தின பேர் இன்னும் வரல்ல தங்கச்சி" என்றார் பொலிஸுக்குப் போகும் வழியில். அங்கே என் அடையாள அட்டையை வாங்கி, தோட்டத்து விலாசத்தை முன்னும் பின்னும் பார்த்து, மர வாங்கில் இருக்கச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரம் போய், வெயிலும் சாய்ந்த பிறகு கூப்பிட்டார்கள்.

பெரிய அதிகாரியின் மேசைக்கு முன்னால் மாஸ்டர் நின்றார். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கத்துக் கண்ணாடி இல்லை. ஒரு காது சிவந்திருந்தது. ஹாஜியார் ஸலாம் சொல்லவும் மறந்து, சாக்கை அவிழ்த்து ஏலக்காயை மேசை முழுக்கக் கொட்டினார். "இதுதான் சேர் அந்தப் பேர். இதத்தான் நாங்க யாவாரம் பண்றோம்" என்று சிங்களத்தில் அழுகிற மாதிரிச் சொன்னார். அறை முழுக்க வாசம்.

அதிகாரி ஒன்றை எடுத்து உரித்தார். மணந்தார். வாயில் போட்டார். "எனசால்" என்றார். பிறகு கோபமாக, "அப்படியென்றால் எனசால் என்றே பெயர் வைத்திருக்கலாமே?" என்று கேட்டார்.

மாஸ்டர் மெதுவாக ஹாஜியார் பக்கம் திரும்பினார். "நானும் அதைத்தான் சொன்னனான் சேர்" என்றார், அதிகாரிக்கும் விளங்கவேண்டும் என்று சிங்களத்தில்.

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கடதாசியை மடித்து ஒதுக்கி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி மாஸ்டரை விட்டார். ஏலக்காயைத் திருப்பித் தரவில்லை.

வெளியே வந்ததும் ஹாஜியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அத அழிச்சிருங்க மாஸ்டர். எனக்கு வெப்சைட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

"அழிச்சால், பிழை செய்தது எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. கிடக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

"அப்ப உங்கட பேரயாவது மாத்தி என்ட பேரப் போடுங்க."

"ஒருத்தன் அடி வாங்கினது காணும் ஹாஜியார்."

மாஸ்டர் அதற்குப் பிறகும் எல்லாவற்றுக்கும் பயந்தார். மோடத்தில் மெத்தை இருந்தது, இருமல் இருந்தது. நாங்கள்தான் சிரிப்பதை விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துக்கு ஹாஜியார் தானே காரில் கூட்டிப் போவார். வருட முடிவில் டொமைனைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, மாஸ்டர் யாரையும் கேட்காமல் தன் பெயரிலேயே புதுப்பித்தார்.

பிறகு நோர்வேயில் இருந்த அவருடைய தங்கச்சி அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். போவதற்கு முதல் நாள் டொமைனைத் திறந்து, பொறுப்பாளர் விலாசத்தை நோர்வேக்கு மாற்றினார். "இனி விசாரிக்க வாறவை பனிக்குள்ளை வந்து விசாரிக்கட்டும்" என்றார். பாஸ்வேர்டை என் காதில் சொன்னார். அவ்வளவு மெதுவாகச் சொன்னதில் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் அந்த விபரங்களைக் கம்பெனிக்காரர்களே மறைத்துவிடுகிறார்கள். மறைக்காத காலத்தில், ஒஃபிஸில் வேலை குறைந்த நேரங்களில் நான் எங்கள் டொமைனைத் தேடிப் பார்ப்பேன். மாஸ்டரின் பெயரும் அந்த வாயில் நுழையாத நோர்வே ஊரும் திரையில் வரும். பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஒரு தடவை பார்த்தபோது விலாசம் மாறியிருந்தது. என்னவோ ஏதோ என்று உடனே ஈமெயில் போட்டேன்.

"வீடு மாறினனான் பிள்ளை. வேறை ஒண்டுமில்லை" என்று மறுநாள் பதில் வந்தது. அதை வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.