டெஸ்பாட்ச் சாரின் நாவலும் ஊர் கேட்ட ஒரே கேள்வியும்

கள்ளக்குறிச்சி தாலுகாவில் காதலித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். காதல் கடிதத்துக்கு மேலே 'பொருள்', 'பார்வை' போட்டு, கீழே 'நகல் கோப்புக்கு' என்று எழுதி, வரிசை எண்ணும் கொடுத்துக் காதலித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் சார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்துவந்தது. ஆபீசை விட்டு வெளியே போகிற தபாலெல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆகவே டெஸ்பாட்ச். உள்ளே வருகிற தபாலை வாங்கிப் பதிகிறவன் நான், ஆகவே நான் இன்வர்டு. ஒன்பது வருஷம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

எண் போடாமல் ஒரு துண்டுக் காகிதம்கூட அவரைத் தாண்டிப் போகாது. ஒருமுறை எங்கள் தாசில்தார் தம் மகள் கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து, தபாலில் சேர்த்துவிடச் சொன்னார். டெஸ்பாட்ச் சார் முந்நூறு பத்திரிகைக்கும் எண் போட்டு, தேதி போட்டு, ஆபீஸ் முத்திரையும் குத்தி அனுப்பிவைத்தார். முகூர்த்தத்தன்று களமருதூரிலிருந்து ஒரு விவசாயி, பட்டா, கிஸ்தி ரசீது எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து, மணமேடை ஓரத்தில் கைகட்டி நின்றார். நோட்டீஸ் வந்ததாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லி அவரை நம்பவைப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது.

இப்படிப்பட்டவர் மத்தியான வேளைகளில், காலாவதியான சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் காதல் கதை எழுதுவார். எதிரில் நான் தயிர்சாதம் சாப்பிடுவேன். எட்டு வருஷம் எழுதினார், எட்டு வருஷம் நான் சாப்பிட்டேன். என்ன எழுதுகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரும் மறைத்ததில்லை.

அரசாங்க ஊழியர் புத்தகம் போடுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும். டெஸ்பாட்ச் சார் கையெழுத்துப் பிரதியை இணைத்து முறைப்படி விண்ணப்பித்தார். உள்ளே வந்த தபால் என்பதால் குறிப்பு எழுதுவது என் தலையில் விழுந்தது. முதல் பக்கத்தில் மழை பெய்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். போதாதா? 'இது ஒரு காதல் கதை. அரசுக்கு எதிரான கருத்து ஏதும் இல்லை. அனுமதிக்கலாம்' என்று எழுதினேன். எனக்கு மேலே இருந்த ஐந்து பேரும், தனக்கு முன்னால் இருந்தவன் படித்திருப்பான் என்ற நம்பிக்கையில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். நம் நாட்டில் கோப்புகள் நகர்வதே இந்த நம்பிக்கையில்தான்.

'ஏழாவது வளைவு' என்று நாவலுக்குப் பெயர். எங்கள் ஊர் அச்சகத்திலேயே அடித்து, பின்னட்டையில் சொந்தப் பெயரையும் போட்டோவையும் போட்டுக்கொண்டார். முன்பக்கம் ஒரே வரி: 'மாடியில் இருப்பவருக்கு.'

மாடியில் இருப்பவரைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். தேனையும் கடுக்காயையும் ஆட்களையும் ஒன்றாக அடைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்குவார். பன்னிரண்டு வருஷமாக டெஸ்பாட்ச் சார் வீட்டு மாடியில் குடித்தனம் என்று பேர். அந்த மாடிக்கு ஏறப் படியே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். மரம் அறுக்கிறவர்கள் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது அங்கே வறட்டி அடுக்கியிருந்தது. ஆனாலும் 'மாடியில குடியிருக்கிறவரு' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். முதுகுக்குப் பின்னால்தான் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் ரோட்டோரக் கல்யாண மண்டபத்தில் முதல் தடவையாகப் புத்தகக் கண்காட்சி என்று அறிவித்தார்கள். அரிசி மில் முதலாளி ஒருவர்தான் தலைவர். டெஸ்பாட்ச் சார் ஒரு வாரம் லீவு போட்டு ஒரு கடை எடுத்தார். துணைக்கு என்னையும் லீவு போடவைத்தார். பெஞ்சு தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, தபால் போட்டாயிற்று என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"பன்னண்டு வருசமா பஜார்ல அவரு ஒரு ஓரமா போறாரு, நான் ஒரு ஓரமா போறேன் இன்வர்டு. ஒரு நாளு, ஊரு பாக்க, ஒரே பக்கமா நிக்கணும். அதுக்குத்தான் புக்கே போட்டேன்."

வருகிறேன் என்றாரா என்று கேட்டேன்.

"பாக்கலாம்னாரு. இதே ஜனத்த நாளைக்கும் ஜீப்புல ஏத்தணும், வவுத்துப் பொழப்புன்னாரு. அவரு சொல்றதும் சரிதான."

கண்காட்சி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது மறியல் வந்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு வடக்கு மாவட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் சாய்ந்த மரமொன்றின் மேல் என் சொந்த மாமாவே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். கேட்டதில் நியாயம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக எந்தப் பட்டியலிலும் பேர் ஏறாதவர்கள் கேட்டார்கள். அதில் எனக்கு எள்ளளவும் சிரிப்பு இல்லை. சிரிப்பு வந்தது அதற்கப்புறம்தான்.

பட்டணத்துப் பதிப்பாளர்களின் புத்தகம் ஏற்றிய லாரிகளெல்லாம் உளுந்தூர்பேட்டையிலேயே நின்றுவிட்டன. கண்காட்சிக்கு வந்து சேர்ந்தவை: பஞ்சாங்கக் கடை ஒன்று, பத்தாம் வகுப்பு நோட்ஸ் கடை ஒன்று, ஊறுகாய்க் கடை ஒன்று, எங்கள் கடை. மண்டபத்துக்குள் இருந்த ஒரே நாவல் 'ஏழாவது வளைவு'. வெளியே பஸ் கிடைக்காமல் ஊரில் மாட்டிக்கொண்ட ஜனம். படுக்க இடமும் மின்விசிறியும் இருக்கிறதே என்று அத்தனை பேரும் மண்டபத்துக்குள் வந்தார்கள். பஞ்சாங்கத்தை எத்தனை நேரம்தான் படிக்க முடியும்? இரண்டே நாளில் நாவல் நூற்றைம்பது பிரதி போய்விட்டது. உலகத்தில் எந்த எழுத்தாளனுக்கும் இப்படி வாசகர்களை நாலு பக்கமும் மரம் வெட்டிப் போட்டு அடைத்துக் கொடுத்ததில்லை.

சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் நானும் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினேன். ஒரு குமாஸ்தா, ஒரு லாரி டிரைவர். ஒன்பதாம் பக்கத்தில் எனக்கு லேசாக வியர்த்தது. இருபதாம் பக்கத்தில் சந்தேகமே இல்லை. காதலிப்பது இவர்கள் இரண்டு பேரும்தான், ஒருவரை ஒருவர். 'அரசுக்கு எதிரான கருத்து ஏதும் இல்லை' என்று கீழே கையெழுத்துப் போட்டிருப்பவன் நான். டெஸ்பாட்ச் சாரை ஏறிட்டுப் பார்த்தேன். நிதானமாக ஊறுகாய்க் கடைக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார், எண் உட்பட.

இனி கல் விழும் என்று மேஜைக்கடியில் இடம் பார்த்துவைத்தேன். மூன்றாம் நாள் காலை ஏழெட்டுப் பேர் புத்தகமும் கையுமாக வந்தார்கள். மறியல் பக்கத்து ஆட்கள். முன்னால் நின்றவர் குரலைத் தாழ்த்தி, படித்ததாகவும் நன்றாக இருந்ததாகவும் சொன்னார். பிறகு கேட்டார்.

"ரெண்டு பேர்ல யாரு நம்ம ஆளு?"

டெஸ்பாட்ச் சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, கதையில் ஜாதிக்கென்று ஒரு கலம் வைக்கவில்லை என்றார். அவர்களுக்கு அது பதிலாகப்படவில்லை. மத்தியானம் எதிர்த்தரப்பு வந்தது. அதே கேள்வி, இன்னும் தாழ்ந்த குரலில். ஆக, ஊர் மொத்தமும் நாவலைத் துப்பறிய ஆரம்பித்தது. மூன்றாம் அத்தியாயத்தில் டிரைவர் கருவாடு சாப்பிடுகிறான், ஆகவே இன்னார் என்றது ஒரு கட்சி. ஐந்தாம் அத்தியாயத்தில் குமாஸ்தா வீட்டு வாசல் கிழக்கே பார்த்திருக்கிறது, அந்தத் தெருவில் வேறு யார் இருப்பார்கள் என்றது இன்னொரு கட்சி. அரிசி மில் முதலாளி கூப்பிட்டு அனுப்பி, பெரிய மனுஷத் தோரணையில் அறிவுரை சொன்னார்.

"ரெண்டு ஆம்பள ஒரே வூட்டுல குடும்பம் நடத்துறாங்க, ரைட்டு, அது அவங்க பாடு. ஆனா ரெண்டும் ஒரே ஜாதியா, வேற வேறயான்னு ஒரு வரி போட்டுட்டீங்கன்னா பிரச்சினை இல்ல பாருங்க."

மேஜைக்கடியில் பார்த்துவைத்த இடம் இனி தேவையில்லை என்று விட்டுவிட்டேன். நான் பயந்த விஷயத்தை விட்டுவிட்டு வேறெதற்கோ பயந்துகொண்டிருந்த ஊரை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். டெஸ்பாட்ச் சார் மட்டும் இதில் எதிலும் ஒட்டவில்லை. நாளுக்கு நாலு தடவை வாசலுக்குப் போய், மலைக்குப் போகிற கச்சிராயபாளையம் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவார். மலைக்கு பஸ் இல்லை, ஜீப்பும் இறங்க வழியில்லை. சாக்கு கிடைத்தவருக்கு வராமல் இருக்க அதுவே போதும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றாமல் இருந்திருக்காது.

ஐந்தாம் நாள் நிறைவு விழா. சிறப்பு விருந்தினர் எங்கோ ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் ஊரில் இருந்த ஒரே எழுத்தாளரை மேடையில் ஏற்றினார்கள். முன்வரிசையில் இடது பக்கம் ஒரு தரப்பு, வலது பக்கம் ஒரு தரப்பு. நடுவில் மில் முதலாளி, அந்த ஒரு வரிக்காகக் காத்துக்கொண்டு. மைக்கைப் பிடித்த டெஸ்பாட்ச் சார் 'பொருள்' என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

"எல்லாரும் யாரு, யாருன்னு கேட்டுக்கினே இருக்கீங்க. சொல்லிடறேன். அந்த குமாஸ்தா நான்தான். இன்னொருத்தரு பேர அவரு இல்லாதப்ப நான் சொல்லக் கூடாது."

அப்போது வாசல் பக்கம் சலசலப்பு. முழங்கால் வரை செம்மண்ணும், கையில் அறுந்த செருப்புமாக ஒருவர் உள்ளே வந்துகொண்டிருந்தார். வெள்ளிமலையில் ஜீப்பைப் போட்டுவிட்டு முந்தின நாளே நடக்க ஆரம்பித்தாராம். கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு பால்காரர் சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நேராக மேடைக்கு ஏறி, டெஸ்பாட்ச் சார் பக்கத்தில் நின்றார். தோளோடு தோள் இடித்தது. முன்வரிசையைப் பார்க்கவே இல்லை. டெஸ்பாட்ச் சார் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னார். மைக் எதிரில் இருந்ததால் ஊருக்கே கேட்டது.

"படிச்சேன். எல்லாம் சரியாத்தான் எழுதிக்கிற. ஆனா ஒண்ணு தப்பு. நீ ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்ப நான் வராண்டாவுல நின்னு அழுதேன்னு போட்டுக்கிற. நான் அழுவல."

"அழுத."

"அழுவலப்பா."

"அழுத. கண்ண மூடிக்கினு பாத்துக்கினுதான் இருந்தேன்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, அதெல்லாம் இருக்கட்டும், வந்தவர் எந்தப் பக்கத்து ஆள் என்று ஆரம்பித்தார். கடைசி வரிசையில், வெள்ளிமலை பஸ்ஸுக்காக ஆறு நாளாகக் காத்துக்கிடந்த ஓர் அம்மா, பலகாரத் தூக்கை மடியில் வைத்தபடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"யோவ், குந்துய்யா. அழுதாருன்னா இன்னாத்துக்கு மறைக்கணும்? கூட இருக்கிறவங்களுக்கு அழுவாம, வேற யாருக்கு அழுவறதாம்?"

எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். மாடியில் இருப்பவர் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சமா அழுதேன்" என்றார்.

அதன் பிறகு எல்லாம் சுபம் என்று எழுதினால் டெஸ்பாட்ச் சாரே ஏற்கமாட்டார். ஜீப்பில் பாதிப் பேர் ஏறாமல் போனார்கள். மூன்று மாதம் ஜீப்பின் பாதி வருமானம் இல்லாமல் இரண்டு பேரும் தவித்தார்கள். பிறகு, மலைக்கு வேறு வண்டி இல்லாததால் ஜனம் கொள்கையை விட்டுவிட்டு ஏறியது. நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஆபீசுக்கு நாலு மொட்டைக் கடுதாசி வந்தது. உள்ளே வருகிற தபால் நான்தானே பார்க்க வேண்டும்? அந்த நாலும் டீக்கடை அடுப்பில் நன்றாக எரிந்தன.

மரங்களை அப்புறப்படுத்திய அடுத்த வாரச் சந்தையன்று பஜாரில் அவர்களைப் பார்த்தேன். ஒரே ஓரமாக வந்துகொண்டிருந்தார்கள். டெஸ்பாட்ச் சார் கத்திரிக்காய் பற்றி வாய் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டு வந்தார். மற்றவர் பையைச் சுமந்துகொண்டு, ஒன்றும் காதில் விழாதவர்போல் நடந்தார். வழக்கம்போல் நான் எதிர்ச் சாரியில் போயிருக்கலாம். ரோட்டைத் தாண்டிப் போய் அவர்களோடு சந்தை முடியும் வரை நடந்தேன். என் முப்பத்தொரு வருஷ சர்வீசில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.