தம்பிராஜா சம்பாதித்த நாணயம்

பிறந்ததிலிருந்து தம்பிராஜா யாரிடமும் ஒரு காசு கடன் வாங்கியதில்லை. இதைக் காஜா பெராங் வட்டாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் பாராட்டினார்கள். அவர் மனைவி சிவகாமசுந்தரி மட்டும், "குடுக்க ஆளிருந்தாத்தானே வாங்குறதுக்கு?" என்பாள்.

ஜப்பான்காரன் வந்தான். தம்பிராஜா கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டம் படுத்துவிட்டது. டவுனில் சும்மா திரிகிற ஆளைக் கண்டால் லாரியில் அள்ளிப்போட்டு, சயாமுக்குத் தண்டவாளம் போட அனுப்பிவிடுகிறார்கள் என்று பேச்சு. தம்பிராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு சைக்கிள் இருந்தால் போதும், கிளேபாங் கடற்கரையில் மீன் எடுத்து ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் விற்கலாம். தொழிலுக்குத் தொழிலும் ஆச்சு, தலையும் தப்பும். ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து மலாயாவையே பிடித்துவிட்டான். ஒரு கூடை மீன் விற்கத் தம்பிராஜாவுக்கு ஒரு சைக்கிள் கிடைக்காதா?

சைக்கிள் கடை சேதுராமனிடம் போனார்.

"தவணையில ஒரு சைக்கிள் வேணும்."

"இதுக்கு முன்னாடி யாருகிட்ட கடன் வாங்கியிருக்கீங்க, கிராணியாரே?"

தம்பிராஜா நெஞ்சை நிமிர்த்தினார். "ஒருத்தருகிட்டயும் இல்ல!"

"அப்ப குடுக்க முடியாது."

"என்ன லா இது! கடனே இல்லாத மனுசனுக்கா கடன் இல்ல?"

"வாங்கித் திருப்பிக் குடுத்தவன நம்பலாம். வாங்கி ஏமாத்துனவன அடையாளமாச்சும் தெரியும். வாங்கவே வாங்காதவன என்னான்னு நம்புறது? உங்களுக்குக் கடன் குடுத்து ஒழுங்கா வாங்குன ஆளு ஒருத்தர அனுப்புங்க. நீங்க நாணயமான ஆளுன்னு அவரு சொல்லட்டும்."

நாணயம்! ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளிக்காசு அத்தனையும் மண்ணுக்குள் போய்விட்டது. ஊரில் புழங்குவதெல்லாம் அவன் அடித்துவிட்ட, வாழைமரப் படம் போட்ட காகித நோட்டு. நாணயமே கண்ணில் படாத காலத்தில் நாணயத்துக்கு எங்கே போவது என்று நொந்துகொண்டே நடந்தார். நடக்கும்போதே ஒரு சபதம் எடுத்தார். இனிக் கடன் வாங்குவது. சின்னதாக வாங்கி, சொன்ன நாளில் திருப்பி, அடுத்து பெரிதாக வாங்கி, காஜா பெராங்கிலேயே பெரிய கடன்காரன் ஆகிவிடுவது. சிவகாமியிடம் மூச்சுவிடக் கூடாது.

அடுத்த வீடு பூங்காவனத்தின் வீடு.

"அக்கா, ஒரு பால் டின் அரிசி கடனா வேணும். வெள்ளிக்கிழமை திருப்பித் தந்துர்றேன்."

பூங்காவனம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊரே மரவள்ளிக்கிழங்கத் திங்குது, உங்களுக்கு அரிசியா? நாளைக்கு வாங்க தம்பி, பாக்குறேன்."

மறுநாள் அரிசி தயாராக இருந்தது.

"வட்டி உண்டு தம்பி. சுருட்டு ரெண்டு."

தம்பிராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது சண்டைக்கு முந்தி வாங்கிய திண்டுக்கல் சுருட்டு. இந்தியாவிலிருந்து கப்பலே வராத காலத்தில் அவருடைய ஒரே சொத்து. டிரங்குப் பெட்டிக்கு அடியில் அவர் ஒளித்து வைத்திருப்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"சுருட்டு யாருக்கக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அவரு குடிக்க மாட்டாரே?"

"இனிமே குடிப்பாரு."

வாங்கிய அரிசியைத் தம்பிராஜா சமைக்கக் கொடுக்கவில்லை. தின்றுவிட்டால் எதைத் திருப்புவது? துணியில் முடிந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"ஏங்க, வீட்டுல அரிசி வாசன வருது?"

"பசியில அப்படித்தான் தோணும். கெழங்கப் போடு."

வெள்ளிக்கிழமை அரிசியும் வட்டியும் போய்ச் சேர்ந்தன. அடுத்து ரெண்டு டின், நாலு சுருட்டு. அதற்கடுத்து மூணு டின், ஆறு சுருட்டு. அரிசி இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்ததே தவிர, ஒரு பருக்கை உலையில் விழவில்லை. கடைசிச் சுருட்டைக் கொடுத்த அன்று தம்பிராஜா நிஜமாகவே அழுதுவிட்டார். ஆனாலும் பெருமையாக இருந்தது.

"அக்கா, சேதுராமன்கிட்ட வந்து என்னைப் பத்தி ஒரு வார்த்த சொல்லணும்."

"நான் எப்படித் தம்பி சொல்றது? அரிசி என்னுது இல்ல. குடுத்து வெச்ச ஆளு வேற. அந்த ஆளையே கடைக்கு அனுப்புறேன், நீங்க போங்க."

யாரோ பெரிய முதலாளி தன்னை நம்பியிருக்கிறார்! தம்பிராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சலவை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். சேதுராமன் புகை விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புகையைத் தம்பிராஜாவுக்கு நன்றாகத் தெரியும்.

"சுருட்டு ஏது?"

"முன்பணம், கிராணியாரே. இந்த வாழைமரத்து நோட்ட எவன் வாங்குவான்? உங்களுக்கு அரிசி குடுத்த ஆளு கொண்டாந்தது. அந்தா இருக்காங்க."

சைக்கிள்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள் சிவகாமசுந்தரி.

"நீயா!"

"நாந்தான். நம்ம வீட்டுல அரிசி இருந்தா நீங்க பாசார் பூரா சொல்லிட்டு வருவீங்க. அப்புறம் ஜப்பான்காரன் வந்து தூக்கிட்டுப் போயிருவான். அதான் அக்கா வீட்டுல வெச்சேன்."

"அப்ப என் வீட்டு அரிசிக்கா நான் வட்டி கட்டுனேன்?"

"ஒழுங்காக் கட்டுனீங்க. அதுல ஒரு குறை சொல்ல முடியாது."

தம்பிராஜாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இங்கே கத்தினால் சைக்கிளும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு சேதுராமனிடம் திரும்பினார். "கேட்டீங்கல்ல? குறையில்லன்னு சாட்சி சொல்லியாச்சு. பேர எழுதுங்க."

"எழுதியாச்சே. முன்பணம் குடுத்தவங்க பேருல."

"அப்ப நான்?"

சிவகாமசுந்தரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"உங்களுக்கு மொதல்ல ஒரு வாரத்துக்குக் கடனாத் தரேன். திருப்பிக் குடுக்குற லட்சணத்தப் பாத்துட்டு மேற்கொண்டு பேசுவோம்."