பிளெட்சோ கேட்ட ஒரே சொல்

போன மாதம் இறந்துபோன மனைவியின் கல்லறைக் கல்லில் வெட்ட ஹம்ப்ரி பிளெட்சோ ஒரே ஒரு சொல்தான் கேட்டார். அதற்கே பாதிரியம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"'வெஹிமென்ட்'டா? கல்லறையிலா? எல்லாரும் 'அன்பு மனைவி'ன்னுதான் போடறாங்க, மிஸ்டர் பிளெட்சோ. நான் கையெழுத்துப் போடாம சர்ச் நிலத்துல ஒரு எழுத்துகூட வெட்ட முடியாது, தெரியுமில்ல?"

தெரியும். அன்பு மனைவி என்று போட்டால் வினிஃப்ரெட் எழுந்து வந்து சண்டை பிடிப்பாள் என்பதும் தெரியும். ஊருக்கு வரும் பஸ்ஸை ரத்து செய்ய வந்த அதிகாரிகளை அவள் ஓட ஓட விரட்டியபோது, உள்ளூர்ப் பத்திரிகை அவளைப் பற்றி எழுதிய சொல்தான் 'வெஹிமென்ட்'. அந்தச் செய்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தாள்.

பாவம், நாற்பத்தொரு வருஷத்தில் மனுஷர் ஒரு திரைச்சீலைகூடத் தானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. கார், நாய், கடற்கரை விடுமுறை எல்லாம் வினிஃப்ரெட்டின் முடிவு. அவரிடம் கேட்பதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவிடுவாள்: "அவரும் சரின்னுட்டார்." இந்த ஒரு சொல்லாவது தன் விருப்பப்படி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார்.

"நல்ல வார்த்தைதாங்க. அகராதியைக் கொண்டு வந்து காட்டறேன்."

மறுநாள் அகராதியோடு போனால், அங்கே மச்சினி எடித் உட்கார்ந்து தேநீரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தாள். போச்சுடா!

பாதிரியம்மா உரக்கப் படித்தார். "உணர்ச்சியோடு அழுத்திச் சொல்கிற. ம், பரவாயில்லையே."

ஹம்ப்ரிக்கு மூச்சு வந்தது. பாதிரியம்மா நிறுத்தவில்லை.

"சொல் பிறப்பு, லத்தீன். 'மனம் இல்லாத' என்பதிலிருந்து வந்திருக்கலாம் எனச் சிலர் கருதுவர்."

பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. "என் அக்கா புத்தி இல்லாதவளா, அத்தான்?"

"சிலர்தான் எடித்! எல்லாரும் இல்ல!"

நூலகத்துக்கு ஓடினார். தூக்க முடியாத இன்னொரு அகராதியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளி வந்தார். அது வேறு மாதிரிதான் சொன்னது. சுமந்து செல்லுதல் என்ற லத்தீன் வேராம். வண்டியைக் குறிக்கும் 'வெஹிக்கிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே வேராம்.

"வண்டியா?" எடித் எழுந்தே விட்டாள். "அக்கா கொஞ்சம் பூசினாப்பல இருப்பா. அதுக்காகச் செத்தவளைப் போய் வண்டிங்கறதா?"

பாதிரியம்மா பேனாவைத் திறந்து, படிவத்தில் 'அன்பு' என்று எழுத ஆரம்பித்தார்.

ஹம்ப்ரிக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, மேசையில் ஓங்கிக் குத்தினார். கோப்பைகள் துள்ளின.

"அன்பு கின்புன்னு எழுதினா கல்லே வேண்டாம்! அவ கத்துவா! கத்திக் கத்தியே இந்த ஊருக்கு பஸ்ஸை மீட்டுக் கொடுத்தா! இப்ப வீட்டுல ஒரு சத்தம் கிடையாது, தெரியுமா உங்களுக்கு? எனக்கு அந்த வார்த்தைதான் வேணும்!"

எடித் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாதிரியம்மா 'அன்பு'வை அடித்துவிட்டு, அவர் கேட்ட சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்பத்தான் அர்த்தம் புரிஞ்சுது, மிஸ்டர் பிளெட்சோ."

கொட்டுகிற மழையில் குடையைக்கூட விரிக்காமல் கல்தச்சர் டன்ஸ்டனின் பட்டறைக்கு ஓடினார் ஹம்ப்ரி.

"இந்தாப்பா அனுமதி! நானே தேர்ந்தெடுத்த வார்த்தை!"

டன்ஸ்டன் தலையைச் சொறிந்தார். மூலையில் சாத்தியிருந்த கல்லின் மேலிருந்து சாக்கை இழுத்தார். வினிஃப்ரெட் பிளெட்சோ. கீழே அதே சொல், ஆழமாக வெட்டியிருந்தது.

"உங்க வீட்டம்மா போன வருஷமே வந்து சொல்லிட்டாங்க சார். நீங்க கையெழுத்தோட வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னாங்க."

அதற்கும் கீழே ஹம்ப்ரியின் பெயர். தேதிக்கு இடம் விட்டிருந்தது. அடியில் ஏதோ ஒரு வரி. மழையில் மூக்குக்கண்ணாடி மங்கி, ஒன்றும் தெரியவில்லை.

"என் பேருக்குக் கீழே என்னப்பா எழுதியிருக்கு?"

டன்ஸ்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"'அவரும் சரின்னுட்டார்.'"